முப்புரியும் உயிரணுவின் பிடியும்: இராமச்சந்திரன் ஆய்வுக்கு ஒரு மதிப்பீடு

அறிஞர் ஒருவரைப் போற்றுதல் வேறு. அவருடைய ஆய்வை மதிப்பிடுதல் வேறு. போற்றுதற்கு அன்பு போதும். மதிப்பிடுதற்கோ, அவர் எந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார், எவ்வழியில் விடை தேடினார், அவ்விடையில் நிலைத்த பகுதி எது, நிலைக்காத பகுதி எது என்பவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்தல் வேண்டும். தமிழில் அறிவியலாளரைப் பற்றி வெளிவரும் கட்டுரைகளுள் பல முன்னதோடு நின்றுவிடுகின்றன. ஜி. என். இராமச்சந்திரனைப் பற்றி எழுதப்படுவனவும் இதற்கு விலக்கல்ல. அவர் நோபெல் பரிசு பெற்றிருக்க வேண்டியவர் என்ற ஏக்கத்தில் தொடங்கி, மேல்நாட்டார் அவருக்குரிய புகழைப் பறித்துக்கொண்டனர் என்ற குறையில் முடிவதே அவற்றின் வழக்கமான போக்கு. அக்குறை எவ்வளவு உண்மை? அவர் கண்டதன் உண்மையான பயன் யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறுவதற்கு, உடலின் உயிரணுக்கள் தம்மைச் சூழ்ந்த பொருளை எவ்வாறு பற்றுகின்றன, அப்பற்றின் வழியே எவ்வாறு செய்தி பெறுகின்றன என்ற பிற்கால ஆராய்ச்சி பெரிதும் உதவுகிறது.

வச்சிரமும் தோலும்

மாட்டின் தோலையும் எலும்பையும் நெடுநேரம் கொதிக்க வைத்தால் வச்சிரப் பசை கிடைக்கும் என்பதைத் தச்சர்கள் நெடுங்காலமாக அறிவர். அப்பசைக்கு மூலமான பொருள் கொலாஜன் என்னும் புரதம். கிரேக்க மொழியில் பசையைக் குறிக்கும் 'கொல்லா' என்ற சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. தோல், எலும்பு, தசைநாண், குருதிக் குழாயின் சுவர், பல்லைத் தாங்கும் ஈறு ஆகிய எல்லாவற்றிலும் இப்புரதம் உண்டு. பாலூட்டிகளின் உடலிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதுவே. முதுகெலும்புள்ள உயிர்களில் 28 வகைக் கொலாஜன்கள் இதுவரை அடையாளம் காணப்பட்டுள்ளன. உயிரணுக்களுக்கு வெளியே, அவற்றின் இடைவெளிகளில், இது கயிறுகளாகவும் வலைகளாகவும் விரிந்து கிடக்கிறது. செங்கற்களை இணைக்கும் சாந்தினைப்போல இது உயிரணுக்களை வெறுமனே சேர்த்து வைத்திருக்கிறது என்றே முன்னாளில் பலர் எண்ணினர். உயிரணுவின் வாழ்வையும் வளர்ச்சியையும் இறப்பையும்கூட இப்பொருள் முடிவு செய்யக்கூடும் என்பது பின்னரே தெளிந்தது.

இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அவர் பெயரின் முதலெழுத்துக் குறிக்கும் கோபாலசமுத்திரம் திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த ஊர். தந்தையார் கணிதப் பேராசிரியர். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றபின், 1942இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார், சர் சி. வி. இராமன் அவரை இயற்பியலுக்கு ஈர்த்துக்கொண்டார். பின்னர் 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜில் படிக இயல் ஆராய்ந்து திரும்பினார். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார், இயற்பியல் துறையை ஏற்குமாறு இராமனை அழைத்தார். இராமன் தமக்குப் பதிலாக இராமச்சந்திரனைச் சுட்டினார். அவ்வாறு துறைத்தலைவரானபோது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது.

சென்னைக்கு வந்த இலண்டன் அறிஞர் ஜே. டி. பெர்னல், கொலாஜனுக்கு முன்மொழியப்பட்ட அமைப்புகளுள் எதுவும் நிறைவளிப்பதாக இல்லை என்று இராமச்சந்திரனிடம் தெரிவித்தார். அமெரிக்கப் பேரறிஞர் பாலிங்கும் அவர் துணைவர் கோரியும் 1951இல் ஓர் அமைப்பை வெளியிட்டிருந்தனர். அஃது எக்ஸ்-கதிர்ச் சான்றுகளோடு பொருந்தவில்லை. கேள்வி கிடைத்தது; பொருளும் அருகிலேயே இருந்தது. ஆவாரம் பட்டை கொண்டு தோல் பதனிட்டு அயல்நாடுகளுக்கு அனுப்பிய தொழில் சென்னை மாகாணத்தின் பழைய செல்வங்களுள் ஒன்று. அத்தொழிலுக்குத் துணையாக எழுந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திற்கு அண்டை வீடு போன்றது. பதனிடப்படும் தோல் என்பது பெரும்பாலும் கொலாஜனே. அந்நிலையத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாண் ஆய்வுக்குக் கிடைத்தது. இராமச்சந்திரனும் அவருடைய துணை ஆய்வாளர் கோபிநாத் கர்த்தாவும் பணியைத் தொடங்கினர்.

மூன்று இழைகள்

அவர்களுடைய சிந்தனை சென்ற வழி கற்பார்க்கு இன்பம் தருவது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த மாலை. கொலாஜனைப் பகுத்துப் பார்த்தால், அம்மணிகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கிளைசீன் என்னும் மிகச் சிறிய மணியாக இருக்கிறது. இக்கணக்கு தற்செயலானதாக இருக்க முடியுமா? ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசீன் தவறாது வருகிறது என்று கொண்டால், அதற்கொரு காரணம் வேண்டும். மூன்று மாலைகள் அருகருகே நின்று முறுக்கிக்கொள்ளும்போது, நடுவே மிகக் குறுகிய இடமே எஞ்சும். அவ்விடத்தில் கிளைசீன் அன்றி வேறெந்த மணியும் அடங்காது. எனவே ஒவ்வோர் இழையிலும் மூன்றுக்கு ஒன்றாகக் கிளைசீன் உள்நோக்கி அமைகிறது. மற்ற இரண்டும் வெளிநோக்கி நிற்கின்றன. தென்னை நாரைத் திரித்து முப்புரியாகக் கயிறு முறுக்கியவர்க்கு இவ்வமைப்பு உடனே விளங்கும்.

மூன்று இழைகள் இணையாக நிற்கும் அமைப்பை 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் இருவரும் வெளியிட்டனர். அவ்விழைகள் ஒன்றையொன்று சுற்றி மேலும் ஒரு முறுக்குக் கொண்டுள்ளன என்ற திருத்தத்தை 1955 செப்டம்பரில் அதே இதழில் வெளியிட்டனர். இம்முப்புரி அமைப்பு இன்றுவரை அசையவில்லை. கொலாஜனின் ஓர் இழையில் ஒரேயொரு கிளைசீன் மாறி அங்குப் பெரிய மணி ஒன்று வந்துவிட்டால் முறுக்கு இடறுகிறது. அதனால் பிறவியிலேயே எலும்பு எளிதில் முறியும் நோய் உண்டாகிறது. சென்னையில் அமைப்பு விதியாக உய்த்துணரப்பட்டது, இவ்வாறு பிற்காலத்தில் நோயின் விளக்கமாகவும் நிலைபெற்றது. இந்த அளவில் இராமச்சந்திரனின் வெற்றி ஐயத்துக்கு இடமற்றது.

மறுப்பும் விடையும்

முறுக்கிய அமைப்பு வெளிவந்த இரண்டாம் மாதத்திலேயே, 1955 நவம்பரில், கேம்பிரிட்ஜிலிருந்து அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிசு கிரிக்கும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சென்னையார் கருத்தின் அடிப்படையை அவர்கள் ஏற்றனர், விவரத்தை மறுத்தனர். இராமச்சந்திரன் அமைப்பில் ஒவ்வொரு மூன்று மணிகளுக்கும் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் இழைகளை இணைத்தன. அவ்வாறு இரண்டு பிணைப்புகள் அமைய வேண்டுமானால் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்க வேண்டியிருக்கும். ஆகவே ஒரு பிணைப்பே இயலும் என்பது அவர்கள் வாதம்.

புகழைப் பறித்தனர் என்ற குறை பெரும்பாலும் இவ்விடத்தில்தான் எழுகிறது. நடுநிலையாகப் பார்த்தால் அக்குறைக்கு இங்கு வலுவில்லை. முப்புரி என்ற எண்ணத்தை முதலில் அச்சேற்றியவர்கள் சென்னையார். அதனை மறுத்தவர்கள் மறைக்கவில்லை. பிணைப்பின் எண்ணிக்கையில் கேம்பிரிட்ஜார் கூறியதே உண்மைக்கு நெருங்கியது. 1994இல் பெல்லா, ஈட்டன், பிராட்ஸ்கி, பெர்மன் ஆகியோர் கொலாஜன் போன்ற ஒரு சிறு மூலக்கூற்றைப் படிகமாக்கி மிக நுட்பமாக ஆராய்ந்தபோது, மூன்று மணிகளுக்கு ஒரே நேர்ப் பிணைப்பு இருப்பது தெளிவாயிற்று. ஆயினும் இராமச்சந்திரன் தரப்பில் ஒரு பகுதி மெய்யும் அதனோடு வெளிப்பட்டது. 1968இல் அவரும் சந்திரசேகரனும் தம் கொள்கையைத் திருத்தி, இரண்டாம் பிணைப்பு நேராக இல்லாமல் ஒரு நீர் மூலக்கூற்றின் வழியே அமையலாம் என்று எழுதியிருந்தனர். 1994இன் படிகத்தில் அத்தகைய நீர்ப் பாலங்கள் முப்புரியைச் சூழ்ந்திருக்கக் காணப்பட்டன.

நீர்ப் பாலத்தின்மேல் அவர் கொண்ட நம்பிக்கை வேறோரிடத்தில் அவரைத் தவறான வழியிலும் செலுத்தியது. கொலாஜனில் ஹைட்ராக்சிபுரோலின் என்னும் சிறப்பு மணி உண்டு. அம்மணி உருவாவதற்கு வைட்டமின் சி இன்றியமையாதது. நெல்லிக்காய் போன்றவற்றில் மிகுந்துள்ள அச்சத்து உடலில் குறைந்தால் முப்புரி உறுதி இழந்து, ஈறுகளில் குருதி கசியும் நோய் வருகிறது. இம்மணி முப்புரிக்கு எவ்வாறு உறுதி தருகிறது? நீரின் வழியே என்று 1973இல் இராமச்சந்திரனும் மஞ்சு பன்சாலும் பட்நாகரும் ஒரு கருதுகோள் தந்தனர். 1998இல் ரெயின்ஸ் குழுவினர், அம்மணியில் நீரோடு பிணையும் பகுதியை நீக்கி அங்கே ஃபுளோரினை வைத்துப் பார்த்தனர். ஃபுளோரின் அவ்வாறு நீரைப் பற்றுவதில்லை; ஆயினும் முப்புரி முன்னினும் உறுதியாயிற்று. எனவே உறுதியின் முதற்காரணம் மணியின் வளைவை நிறுத்தும் மின்னணு விளைவே; நீர்ப் பாலம் அதற்குத் தலைமைக் காரணமாகாது. இத்தகைய திருத்தங்களை மறைத்து எழுதுவது அறிஞரைப் பெருமைப்படுத்துவதாகாது.

அவருடைய பெருமை வேறிடத்தில் இருக்கிறது. அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்ற மறுப்பைக் கேட்டதும், அளவு என்று சொல்லப்படுவது எது, அதை வகுத்தவர் யார் என்று அவர் வினவினார். அதுவரை வெளிவந்திருந்த படிக அமைப்புகளைத் தொகுத்து, அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு தொலைவு வரை நெருங்குகின்றன என்பதைத் தம் மாணவர்களோடு கணக்கிட்டார். அக்கணக்கைப் புரத மாலையின் ஒவ்வொரு கணுவிலும் உள்ள இரண்டு திருப்பங்களுக்குப் பொருத்தியபோது, எந்தத் திருப்பங்கள் இயலும், எவை இயலா என்பதைக் காட்டும் வரைபடம் ஒன்று கிடைத்தது. 1963இல் இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவர் பெயரால் அது வெளிவந்தது. உலகில் எந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும், அதனை வெளியிடுமுன் இராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சோதிப்பது இன்று பொது வழக்கம். தம் அமைப்பைக் குறை கூறியவர்களின் வாதத்தையே அளவுகோலாக வளர்த்து, அவ்வளவுகோலை உலகுக்குக் கொடுத்தார். தாக்கப்பட்ட ஆய்வாளர் நடந்துகொள்ள வேண்டிய முறைக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு அரிது.

உயிரணு எதைப் பற்றுகிறது?

முப்புரியின் வடிவம் தெரிந்துவிட்டது. அவ்வடிவத்தால் உயிரணுவுக்கு ஆவது என்ன? இக்கேள்விக்கு விடை பகுதி பகுதியாக முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே வரத் தொடங்கியது. உயிரணுக்கள் ஒட்டும் பொருள்களுள் ஒன்றான ஃபைப்ரோனெக்டினில், மூன்று அமினோ அமிலங்களாலான ஒரு சிறு வரிசையே பிடிக்கும் இடம் என்பதை 1984இல் பியர்ஷ்பாக்கரும் ருவோஸ்லாட்டியும் காட்டினர். உயிரணுவின் மேற்பரப்பில் இருந்துகொண்டு அப்பிடியைச் செய்யும் கைகளுக்கு 1986இல் ரிச்சர்டு ஹைன்ஸ் குழுவினர் 'இன்டெகிரின்' என்று பெயரிட்டனர். வெளியே உள்ள நாரையும் உள்ளே உள்ள எலும்புக்கூடு போன்ற இழைகளையும் ஒருங்கிணைப்பதால் அப்பெயர். ஒவ்வோர் இன்டெகிரினும் இரண்டு பகுதிகளால் ஆனது. மனித உடலில் இவ்வாறு 24 இணைகள் உள்ளன. இவற்றுள் நான்கு கொலாஜனைப் பற்றுவதற்கென்றே அமைந்தவை.

அவை கொலாஜனின் எவ்விடத்தைப் பற்றுகின்றன என்பதை நைட், பார்ன்ஸ், ஃபார்ண்டேல் ஆகியோர் ஆராய்ந்து, கிளைசீன், ஃபீனைல்அலனின், ஹைட்ராக்சிபுரோலின், கிளைசீன், குளுட்டாமிக் அமிலம், ஆர்ஜினின் என்ற ஆறு மணி வரிசையைக் கண்டனர். 2000ஆம் ஆண்டில் எம்ஸ்லி, லிடிங்டன் முதலியோர் அவர்களோடு சேர்ந்து, இன்டெகிரினின் பிடிக்கும் பகுதி அவ்வரிசையைப் பிடித்திருக்கும் நிலையிலேயே படிகமாக்கி அமைப்பைக் கண்டனர். குளுட்டாமிக் அமிலம் இன்டெகிரினில் உள்ள ஓர் உலோக அயனியோடு இணைகிறது. பிடிக்கும் பகுதியோ ஒன்றுக்கு மேற்பட்ட இழைகளைத் தொட்டு நிற்கிறது. ஆறு மணிகளும் ஒரே தனி இழையில் இருந்தால் பிடி அமைவதில்லை. இழைகள் முப்புரியாக முறுக்கி நின்றால்தான் அமைகிறது. அதாவது, உயிரணு எழுத்துகளை மட்டும் படிப்பதில்லை. அவ்வெழுத்துகள் எந்த வடிவில் அடுக்கப்பட்டுள்ளன என்பதையும் சேர்த்தே படிக்கிறது. 1955இல் சென்னையில் வரையப்பட்ட வடிவம் உயிரணுவுக்கு ஒரு மொழியாகப் பயன்படுகிறது என்பதே இதன் பொருள்.

இதனை வச்சிரப் பசை கொண்டே விளங்கிக்கொள்ளலாம். கொலாஜனைக் கொதிக்க வைத்தால் மணிகள் உதிர்வதில்லை, முறுக்கு அவிழ்கிறது. முறுக்கு அவிழ்ந்த பொருளே ஜெலட்டின். முழுக் கொலாஜனைப் பற்றும் இன்டெகிரின் ஜெலட்டினைப் பற்றுவதில்லை. அவிழ்ந்த இழைகளில் முன்பு மறைந்திருந்த வேறு வரிசைகள் வெளிப்படுகின்றன. அவற்றைப் பற்றுவதற்கு வேறு இன்டெகிரின்கள் உள்ளன. காயம்பட்ட இடத்தில் கொலாஜன் சிதையும்போது, உயிரணு பற்றும் கையை மாற்றிக்கொள்கிறது. அதனால் உள்ளே செல்லும் செய்தியும் மாறுகிறது. தன் காலடியில் உள்ள தளம் முழுமையானதா, சிதைந்ததா என்பதை உயிரணு அறிவது இவ்வாறே.

பற்றுதல் என்பது இங்குச் செய்தி பெறுதலும் ஆகிறது. இன்டெகிரின் வெளியே பற்றியதும், உள்ளே சில நொதிகள் விழித்துக்கொண்டு ஒன்றுக்கொன்று செய்தி கடத்துகின்றன. அச்செய்தி உட்கரு வரை சென்று, பெருகு என்றோ, நகர் என்றோ, அமைந்திரு என்றோ ஆணையாகிறது. பற்றுக்கோடு இழந்த சில வகை உயிரணுக்கள் தாமே மடிந்துவிடுகின்றன என்பதை 1994இல் ஃபிரிஷ்ஷும் பிரான்சிசும் காட்டினர். இவ்விதியை மீறிப் பற்றின்றியும் வாழக் கற்றுக்கொண்ட உயிரணுக்களே புற்றுநோயாகப் பிற உறுப்புகளுக்குப் பரவ வல்லவை. இன்டெகிரின் அன்றிக் கொலாஜனையே நேராக உணர்ந்து செய்தி அனுப்பும் வேறு இரண்டு ஏற்பிகள் 1997இல் அறியப்பட்டன; அவையும் முறுக்குக் குலையாத முப்புரியையே உணர்கின்றன. 2006இல் எங்கலர், டிஷர் முதலியோர் கொலாஜன் பூசிய களிகளின்மேல் எலும்பு மச்சையின் மூல உயிரணுக்களை வளர்த்தனர். மென்மையான களியில் அவை நரம்பணுவைப்போலவும், இடைத்தரமான களியில் தசையைப்போலவும், கடினமான களியில் எலும்பைப்போலவும் மாறத் தொடங்கின. பூசிய பொருள் ஒன்றே. தளத்தின் இறுக்கம் மட்டுமே வேறு. அவ்வேறுபாட்டைப் பற்றிய கையால் இழுத்துப் பார்த்தே உயிரணு அறிந்துகொள்கிறது.

குருதியில் ஒரு சான்று

இவையெல்லாம் ஆய்வுக்கூடச் செய்திகள் என்று கருதுவோர்க்குக் குருதியே சான்று கூறும். கத்தியால் விரலை வெட்டிக்கொண்டால், குருதிக் குழாயின் உட்புறத் தோல் கிழிந்து, அதன் அடியில் மறைந்திருந்த கொலாஜன் வெளிப்படுகிறது. ஓடும் குருதியில் உள்ள தட்டணுக்கள் அதுவரை எதிலும் ஒட்டாதவை. கொலாஜன் வெளிப்பட்டவுடன், வான் வில்லிபிராண்டு காரணி என்னும் புரதம் அதில் படிந்து தட்டணுக்களைப் பிடித்து வேகத்தைக் குறைக்கிறது. அடுத்துத் தட்டணுவின் ஏற்பி ஒன்று, கிளைசீன், புரோலின், ஹைட்ராக்சிபுரோலின் என்ற மூன்று மணிகள் திரும்பத் திரும்ப வரும் முப்புரிப் பகுதியை உணர்கிறது. அவ்வுணர்வு உள்ளே செய்தியாகி, தட்டணுவின் இன்டெகிரின்கள் மடங்கிய நிலையிலிருந்து நிமிர்கின்றன. பின்னர்த் தட்டணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்துக் காயத்தை அடைக்கின்றன. வெளியிலிருந்து உள்ளேயும், உள்ளிருந்து வெளியேயும் செய்தி செல்லும் இருவழிப் பாதை இது.

மலேசியாவில் குருதி நோய்களுக்கான தேசிய மையமாக விளங்குவது அம்பாங் மருத்துவமனை. இத்தகைய மையங்களில் குருதி உறையாக் கோளாறுகளை ஆராயும்போது நிகழும் சோதனைகள் பலவும் மேற்கூறிய படிகளுள் எது பிழைத்தது என்று தேடுவனவே. தட்டணுக்கள் திரள்கின்றனவா என்று பார்க்க, அவற்றோடு சேர்க்கப்படும் பொருள்களுள் கொலாஜனும் ஒன்று. வான் வில்லிபிராண்டு காரணி குறைந்தவர்க்குத் தொடக்கப் பிடியே தளர்கிறது. கிளான்ஸ்மன் நோயுடையோர்க்குத் தட்டணுவின் இன்டெகிரின் ஒன்று குறைவதால், கைகோக்கும் படி நிகழ்வதில்லை. எலும்பு மச்சைச் சிகிச்சையிலும் இக்கதையே தொடர்கிறது. நரம்பின் வழியே செலுத்தப்படும் மூல உயிரணுக்கள் எலும்பின் உட்புறத்தைத் தேடிச் சென்று தங்குவதற்கு இன்டெகிரின்களின் பிடி வேண்டும். கொடையாளரின் மச்சையிலிருந்து அவற்றைக் குருதிக்கு வரவழைக்க அப்பிடி தளர வேண்டும். அம்பாங்கில் ஒரு நோயாளியின் குருதிக் குழலைக் கையில் ஏந்தும் ஆய்வாளர், தாம் அறிந்தோ அறியாமலோ, முப்புரி அமைப்பின் பயனைக் கையாள்கிறார்.

அவர் கேளாத கேள்வி

இனி, இராமச்சந்திரன் ஆய்வின் எல்லையையும் கூறுதல் முறை. அவருடைய கொலாஜன் ஆராய்ச்சி அமைப்பு ஆராய்ச்சியாகவே நின்றது. அணுக்களின் தொலைவு, பிணைப்பு, கோணம், நீர் ஆகியவற்றை அவர் இடைவிடாது ஆராய்ந்தார். அம்முப்புரியின் அருகில் வாழும் உயிரணுவை ஆராயவில்லை. இதனைக் குற்றமாகக் கூறுதல் நேர்மையாகாது. ஃபைப்ரோனெக்டின் போன்ற பற்றுப் பொருள்கள் 1970களில்தான் அடையாளம் காணப்பட்டன. உயிரணுவின் பிடியை ஆராய்வதற்கான கருவிகள் 1954இல் எங்குமே முழுமையாக இல்லை. ஆயினும் ஓர் உண்மையை மறுக்க இயலாது. அவருக்கு அண்டையில் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது; அதனால் கொலாஜன் அவருக்குப் பொருளாகக் கிடைத்தது. உயிரணுவை வளர்த்து ஆராயும் கூடம் அவ்வாறு அண்டையில் இருந்து, இரண்டும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்குமானால், முப்புரிக்கும் பற்றுக்கும் உள்ள தொடர்பைத் தேடும் முயற்சி சென்னையிலேயே தொடங்கியிருக்கக் கூடும். ஆராய்ச்சியாளரின் அறிவைப்போலவே அவருக்கு வாய்த்த அண்டை வீட்டாரும் ஆராய்ச்சியின் போக்கை முடிவு செய்கின்றனர்.

அவர் 1970களின் தொடக்கத்தில் பெங்களூர் சென்று மூலக்கூற்று உயிர் இயற்பியல் துறையை நிறுவினார். 1971இல் இலட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, எக்ஸ்-கதிர் நிழல்களிலிருந்து உட்புற உருவைக் கணக்கிடும் முறை ஒன்றையும் தந்தார். உடலை அடுக்கடுக்காகக் காட்டும் இன்றைய கருவிகளின் கணிதத்தில் அவ்வழி இடம் பெற்றது. 1977இல் இலண்டன் ராயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1999இல் உலகப் படிக இயலாரின் இவால்டு பரிசு கிடைத்தது. 2001 ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

நோபெல் பரிசு பற்றிய ஏக்கத்துக்குக் கூற வேண்டிய விடை எளியது. கொலாஜன் அமைப்புக்காக அப்பரிசு எவர்க்கும் அளிக்கப்படவில்லை. கிரிக் 1962இல் அதனைப் பெற்றது மரபுப் பொருளான டி.என்.ஏ.யின் அமைப்புக்காக. எனவே இராமச்சந்திரனுக்குரியதைப் பிறர் கொண்டுபோயினர் என்ற வாதம் அடிப்படையிலேயே பொருந்தாது. மாறாக, இன்டெகிரின் ஆய்வுக்காக ஹைன்ஸ், ருவோஸ்லாட்டி, ஸ்பிரிங்கர் ஆகியோர்க்கு 2022இல் லாஸ்கர் விருது அளிக்கப்பட்டபோது, அவ்வாய்வின் ஒரு கிளைக்கு முப்புரி அமைப்பு அடித்தளமாக இருந்தது என்பதை எத்தனை தமிழ்க் கட்டுரைகள் எடுத்துக் கூறின? அவ்வாண்டே இராமச்சந்திரனின் நூற்றாண்டு. இரண்டையும் இணைத்துக் காட்டுவதற்கு அதனினும் ஏற்ற வாய்ப்பு இல்லை.

இதில் தமிழர்க்கு ஒரு பொறுப்பு உண்டு. சென்னையிலாயினும் கிள்ளானிலாயினும் தமிழ்ப் பள்ளியில் அறிவியல் பயிலும் மாணவன், இராமச்சந்திரன் பெயரைப் பரிசு இழந்தவர் என்ற இரக்கத்தோடு மட்டும் கேட்பானாகில், அவனுக்குக் கிடைப்பது மனக்குறை ஒன்றே; ஆய்வு செய்யும் முறை கிடைக்காது. மூன்றில் ஒன்று கிளைசீன் என்ற கணக்கிலிருந்து ஒரு வடிவம் எவ்வாறு பிறந்தது, அவ்வடிவத்தில் ஒரு பிணைப்பு எவ்வாறு தவறாயிற்று, தவறு சுட்டப்பட்டபோது அதிலிருந்து ஓர் அளவுகோல் எவ்வாறு எழுந்தது, அவ்வடிவத்தை உயிரணு எவ்வாறு தன் கையால் தடவிப் படிக்கிறது என்பவற்றை அவன் படிப்படியாகக் கேட்டல் வேண்டும். அவற்றை விளக்குவதற்குத் தமிழில் சொற்கள் இல்லாமல் இல்லை. முப்புரி என்ற சொல் கயிறு திரிப்போரிடமே இருந்தது. இராமச்சந்திரனுக்குச் செய்யத் தக்க சிறப்பு, அவர் ஆய்வை அதன் வெற்றியோடும் பிழையோடும் எல்லையோடும் மாணவர்க்கு விளங்கச் சொல்லுதலேயாகும்.